தொலைதூர இலக்குச் சுடுதல்: கழுத்தை மட்டும் இறுக்கும் டையா, முழுக்கூட்டு டையா?

ஓசூர்க்காரர் கேட்டது:

என் தம்பி ஆஸ்திரேலியாவில் உரிமம் பெற்று, .308 வின்செஸ்டர் துப்பாக்கியால் எஃப்-டிஆர் (படுத்தபடி, துப்பாக்கியை இருகால் தாங்கியில் ஊன்றிச் சுடும் போட்டி) பிரிவில் 1000 கெஜம் வரை சுடுகிறான். சுட்ட பித்தளைக் கூட்டை மீண்டும் அளவுக்குக் கொண்டுவந்து தாங்களே தோட்டா கட்டிக்கொள்வது அங்கே போட்டியாளர்களின் வழக்கம். ஓசூர் சிப்காட்டில் இருபது ஆண்டுகளாகப் பிரஸ் டூல் செய்கிறவன் என்பதால், அதற்கு எந்த டை (கூட்டை உள்ளே செலுத்தி அளவுக்கு இறுக்கும் எஃகு அச்சு) வாங்கலாம் என்று என்னைத்தான் கேட்கிறான். தகடு வெட்டும் டையை நான் அறிவேன். இந்த டையைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அவனிடம் இருப்பது கூட்டின் கழுத்தை மட்டும் இறுக்கும் டை. முதல் மூன்று முறை நன்றாக இருந்த கூடுகள் நான்காம் முறை, துப்பாக்கியின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டை மூடும்போது இறுகிப் பிடிக்கின்றனவாம். டையை மாற்றவேண்டுமா? மாற்றினால் புஷ் (கழுத்தை இறுக்கும், மாற்றிப்போடக்கூடிய வளையம்) போடும் வகை நல்லதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பென்னாகரத்தார்:

ஐயா, நான் தருமபுரி மாவட்டத்துக்காரன். பல ஆண்டுகளாக இங்கிலாந்தில் இருக்கிறேன். பிஸ்லியில், 1200 கெஜம் வரை தூரமுள்ள ஸ்டிக்கிள்டவுன் மைதானத்தில் சுடுகிறேன். நானும் கழுத்து டையில்தான் தொடங்கினேன். துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் வடிவத்துக்கே விரிந்த கூட்டை அப்படியே விட்டுவிட்டால் குண்டு அறையின் நடுவில் நேராக நிற்கும் என்ற நம்பிக்கை அன்று பலருக்கும் இருந்தது. ஆனால் கூடு ஒவ்வொரு முறை சுடும்போதும் சிறிது வளர்ந்து, கடைசியில் அதன் தோள் (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) அறையின் தோளில் முட்டிவிடும்; தம்பியின் போல்ட் பிடிப்பதற்குக் காரணம் இதுவே. போல்ட்டோடு மல்லுக்கட்டினால் படுத்திருக்கும் நிலையே குலைந்துவிடும். காற்று மாறுவதற்குள் அடுத்த குண்டை விடவேண்டிய போட்டியில் அது பெரிய இழப்பு.

கழுத்தோடு கூட்டின் உடலையும் தோளையும் சேர்த்து இறுக்கும் முழுக்கூட்டு டையையே வாங்கச் சொல்லுங்கள். டையோடு வரும் தாளில், கூட்டின் அடியைப் பற்றும் கூட்டுப்பிடியைத் தொடும்வரை டையைத் திருகி, பிறகு இன்னும் கொஞ்சம் திருகச் சொல்லியிருப்பார்கள். அதை அப்படியே செய்தால் தோள் தேவைக்கு மேல் பின்னே போய், அடுத்தடுத்த சுடுதல்களில் கூடு அடிப்பகுதிக்கு அருகே மெலிந்து, ஒருநாள் அங்கேயே பிரிந்துவிடக்கூடும். சுட்ட கூட்டின் தோள் உயரத்தை, தோளில் அமரும் கம்பேரேட்டர் துண்டு பொருத்திய வெர்னியரால் அளந்து, அதிலிருந்து 0.001 முதல் 0.002 அங்குலம் மட்டும், அதாவது 25 முதல் 50 மைக்ரான் மட்டும், பின்னே தள்ளினால் போதும்.

புஷ் வகையைப் பொறுத்தவரை, குண்டு பொருத்திய தோட்டாவின் கழுத்து விட்டத்தை அளந்து அதைவிட 0.002 அங்குலம் சிறிய புஷ்ஷைத் தேர்ந்தெடுக்கவேண்டும், கழுத்து 0.338 என்றால் புஷ் 0.336. குண்டைக் கூட்டில் இறக்கும் டைக்குத்தான் நான் கூடுதலாகச் செலவிடுவேன். மைக்ரோமீட்டர் தலையும், கூட்டை முழுவதுமாகத் தாங்கிப் பிடிக்கும் நகரும் உறையும் உள்ள டையை ஃபோர்ஸ்டர், ரெட்டிங் நிறுவனத்தார் செய்கிறார்கள். அதன் தண்டு குண்டின் நுனியில் படாமல் வளைவில் படவேண்டும். நுனிகள் குண்டுக்குக் குண்டு மாறுபடுவதால், நுனியில் பட்டால் ஆழமும் மாறிவிடும்.

காவேரிப்பட்டணத்தார்:

முழுக்கூட்டு டை என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் புஷ் வகைக்கு அவசரப்படவேண்டாம் என்பது என் கருத்து. கழுத்துச் சுவரின் கனம் சீராக இல்லாத கூட்டில், புஷ் வெளிப்பக்கத்தைச் சரிசெய்து கோணலை உள்ளே தள்ளிவிடும். மேலும், கழுத்து தோளைச் சேரும் இடம்வரை அது இறுக்குவதுமில்லை. ஒரே கட்டையில் குடைந்த டையின் கழுத்தைக் கேட்ட அளவுக்குத் தேய்த்துத் தரும் வசதி ஃபோர்ஸ்டரிடம் உண்டு. நம்மைப் போன்ற டூல்ரூம் ஆட்களுக்கு அதன் நேர்த்தி புரியும்.

எதை வாங்குவதற்கு முன்பும் ரன்அவுட்டை, அதாவது சுழற்றும்போது கழுத்து மையத்திலிருந்து விலகும் அளவை, அளக்கச் சொல்லுங்கள். சுட்ட கூட்டை உருளைகளின் மேல் வைத்துச் சுழற்றி, கழுத்தில் டயல் கேஜ் வைத்துப் பார்க்கவேண்டும். அதேபோல டைக்குள் போய் வந்தபின் ஒருமுறை, குண்டு இறக்கியபின் ஒருமுறை பார்த்தால், கோணல் எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் டையின் நடுத்தண்டில் உள்ள விரிப்புப் பந்துதான் குற்றவாளி. கூட்டை வெளியே இழுக்கும்போது அது கழுத்தையும் சேர்த்துக் கோணலாக இழுத்துவிடுகிறது. அதைக் கழற்றிவிட்டு, மேண்ட்ரல் என்ற விரிப்புத் தண்டால் தனியாக விரித்துப் பார்க்கலாம்.

ஊத்தங்கரையார்:

ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். தம்பிக்காக இங்கே ஒரு டை செய்து, தோட்டா கட்டிப் பார்க்கும் எண்ணம் ஓசூர்க்காரருக்கு வரவேண்டாம். ஆயுதச் சட்டம், 1959-இன் 5-ஆம் பிரிவின்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும்.

ஓசூர்க்காரர்:

அந்த எண்ணம் இல்லை ஐயா. தம்பி நேற்று இரவு அளந்து அனுப்பினான். பந்து இருக்கும்போது ரன்அவுட் 0.004 அங்குலம், கழற்றியபின் 0.001. தோட்டாவின் கழுத்து 0.339. கழுத்துச் சுவரைப் பத்துக் கூடுகளில் அளந்ததில் கனம் சீராகவே இருக்கிறது என்பதால், முழுக்கூட்டு டையைப் புஷ் வகையிலேயே வாங்கி, 0.337, 0.336 என இரண்டு புஷ்களையும் சேர்த்து வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம். குண்டு இறக்கும் டைக்கு அடுத்த மாதச் சம்பளம் வரவேண்டும்.