சயாம் மரண ரயில்: ஜப்பானுக்கு நாம கடன்பட்டிருக்கோமா?

வைகைக்கரையான்:
1942 பிப்ரவரி 15ல பிரிட்டிஷ்காரன் கையில இருந்த சிங்கப்பூர் ஜப்பான்கிட்ட விழுந்தப்பதான் வெள்ளைக்காரனையும் தோற்கடிக்கலாம்னு ஆசியாவுக்குப் புரிஞ்சது. அங்கே பிடிபட்ட இந்தியச் சிப்பாய்ங்கதான் ஐஎன்ஏவுக்கு, அதாவது நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துக்கு, முதுகெலும்பு. 1945 நவம்பர்ல ஐஎன்ஏ அதிகாரிங்க மேல செங்கோட்டை வழக்கு, 1946 பிப்ரவரியில பம்பாய்க் கடற்படைக் கலகம், அடுத்த வருஷம் சுதந்திரம். கோடு நேரா போகுது. ஜப்பானுக்கு நாம கடன்பட்டவங்கன்னு சொன்னா ஏன் கோபம் வருது?

கெடா பேரன்:
அண்ணே, அந்தக் கோட்டுப் பக்கத்துலயே ஒரு தண்டவாளமும் கிடக்கு. போர்க்கைதிங்களையும் தொழிலாளிங்களையும் வச்சு ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை. சயாம்ல (இன்னிக்கு தாய்லாந்து) பான்போங்ல ஆரம்பிச்சு பர்மாவுல தான்பியூசயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர்.

எங்க தாத்தா மலாயாவுல, கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணி பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டினவர். போர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்னுச்சு, பர்மா அரிசி வரல, லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) மூணு வேளையும் மரவள்ளிக்கிழங்கு. நாளுக்கு ஒரு டாலர், மூணு மாசத்துல வீடு திரும்பலாம்னு ஜப்பான்காரன் சொன்னதை நம்பி ரயில் பாதை வேலைக்குப் போனார். அப்புறம் ஆள் வராதப்போ லாரியோட வந்து அள்ளிட்டுப் போனாங்களாம். அவர் கெண்டைக்கால்ல மூங்கில் கீறின புண்ணு ஆறின தழும்பு இருக்கும். சின்ன வயசுல அந்தக் குழியில விரல் வச்சுப் பார்த்திருக்கேன், பாதி விரல் உள்ளே போகும்.

போர்க்கைதிங்க சுமார் 60,000 பேர்ல 12,000க்கு மேல செத்தாங்க. தமிழர், பர்மியர், ஜாவாக்காரங்கன்னு ஆசியத் தொழிலாளிங்க மட்டும் ஏறக்குறைய 90,000 பேர் செத்திருப்பாங்கன்னு மதிப்பீடு. மதிப்பீடுதான். பேர் எழுதி வைக்க யாரும் இல்ல.

வைகைக்கரையான்:
கொடுமை இல்லன்னு யார் சொன்னா? அவங்களைக் கப்பலேத்தி அந்தத் தோட்டத்துல கொண்டு விட்டவன் யாரு? 1941 டிசம்பர்ல பினாங்குல குண்டு விழுந்ததும் வெள்ளைக்காரங்களை மட்டும் ராத்திரியோட ராத்திரியா ஏத்திட்டுப் போனவன் யாரு? அவனைப் பத்தியும் ஒரு வரி எழுதுங்க தம்பி.

பினாங்கு டீச்சர்:
அந்த வரி எங்க ஊர்ல எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா விட்டுட்டு ஓடினவனைத் திட்டுறதுக்காக, வந்து அள்ளிட்டுப் போனவனுக்கு மாலை போடணுமா? எங்க பெரியப்பா ஐஎன்ஏல சேர்ந்தவர். தேசபக்தியான்னு கேட்டா சிரிப்பார். "சேரலைன்னா சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போயிருப்பான்மா" என்பார். அதுக்காக நேதாஜி படத்தை வீட்டுச் சுவத்துல இருந்து அவர் எடுத்ததும் இல்ல.

கெடா பேரன்:
டீச்சர் சொன்னதோட ரெண்டு தேதியைச் சேர்த்துக்கங்க. ரெண்டு பக்கமிருந்தும் வந்த தண்டவாளம் சேர்ந்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூர்ல நேதாஜி தன்னோட ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) அரசை அறிவிச்சது அக்டோபர் 21. நாலே நாள். பர்மா போர்முனைக்கு ஆளும் சாமானும் போகத்தான் அந்தப் பாதையே.

வைகைக்கரையான்:
இந்தத் தேதிப் பொருத்தம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா ஐஎன்ஏ இல்லாம 1947 வந்திருக்காதுங்கறதுல நான் மாறல. கடன் கடன்தான்.

கெடா பேரன்:
கடன் கணக்கு பார்ப்போமா? ஜப்பானோட போட்ட 1951 சான்பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கைக்கு அப்புறம் பிரிட்டிஷ் போர்க்கைதி ஒருத்தருக்கு நஷ்ட ஈடா 76 பவுண்ட் கிடைச்சது. தோட்டத்து ஆளுங்க அந்தக் கணக்குலயே வரல. தாத்தாவோட பிஸ்கட் டப்பாவுல இன்னும் நாலு வாழைமர நோட்டு இருக்கு, ஜப்பான்காரன் மலாயாவுல அடிச்சு விட்ட பத்து டாலர் நோட்டு. ஜப்பான் சரணடைஞ்ச அன்னிக்கே அது வெறும் காகிதம். அனுப்பி வைக்கவா?