ராத்திரி கால்குலேஷன் 35 நிமிடத்திலிருந்து நாலரை மணி நேரம் ஆகிவிட்டது (எஸ்பேஸ், பிளாக் ஸ்டோரேஜ்)

பேரேடு:
வணக்கம். பத்து வருடம் கணக்குப் பிரிவில் வவுச்சர் பார்த்தவன் நான். எஸ்பேஸை (நிதி எண்களைப் பல கோணத்தில் கூட்டிக் காட்டும் ஆரக்கிள் தரவுத்தளம்) கவனித்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும், "உனக்குத்தான் எக்ஸெல் நன்றாக வருமே" என்று அட்மின் பாஸ்வேர்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒன்றரை வருடம் எப்படியோ ஓட்டினேன். இப்போது மாட்டிக்கொண்டேன்.

க்யூபில் (அந்தத் தரவுத்தளத்தில்) கணக்குத் தலைப்பும் மாதமும் டென்ஸ், அதாவது பெரும்பாலும் எண் நிறைந்தவை. பொருள், கிளை, ஆண்டு, சினாரியோ (ஆக்சுவல், பட்ஜெட் என்ற பிரிவு) நான்கும் ஸ்பார்ஸ், அதாவது பல சேர்க்கைகள் காலி. சேமிக்கும் தலைப்பு 120. மாதம், காலாண்டு, ஆண்டு எல்லாம் சேர்த்து 17. எண் உள்ள ஸ்பார்ஸ் சேர்க்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாக். ஆக ஒரு பிளாக் 120 × 17 × 8 = 16,320 பைட். இதில் குறை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

மே மாதம் வரை பிளாக் எண்ணிக்கை 4 லட்சத்தைச் சுற்றியே இருந்தது. எல்லாவற்றையும் கூட்டும் ராத்திரி கால்க் ஸ்கிரிப்ட் 35 நிமிடத்தில் முடியும். இன்று பார்த்தால் 23 லட்சம் பிளாக், நாலரை மணி நேரம். காலையில் ஒன்பது மணிக்கு ஸ்மார்ட் வியூவை (எஸ்பேஸ் எண்களை எக்ஸெலில் காட்டும் ஆட்-இன்) திறப்பவர்கள் என் மேசைக்கு வந்து நிற்கிறார்கள். டேட்டா கேஷைக் கூட்டினேன், ரீஸ்ட்ரக்சர் செய்து பிளாக்குகளைத் திரும்ப அடுக்கினேன். இருபது நிமிடம் குறைந்தது, அவ்வளவுதான். சர்வர் பார்ப்பவர்கள் ரேம் வாங்கச் சொல்கிறார்கள்.

இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை: இறுதிச் சரக்கிருப்பு ஜூலை வரை மாதவாரியாகச் சரியாக இருக்கிறது. காலாண்டு, ஆண்டு என்று மேலே போனால் 0 காட்டுகிறது. முன்பெல்லாம் கடைசி மாத இருப்பை எடுத்துக்கொள்ளும்.

வேகம்77:
ஏஎஸ்ஓவுக்கு (அக்ரிகேட் ஸ்டோரேஜ், எஸ்பேஸின் இன்னொரு சேமிப்பு முறை) மாற்றிவிடுங்கள் சார். ராத்திரி அக்ரிகேட் (மேல்மட்டக் கூட்டல்) செய்கிற வேலையே கிடையாது.

க்யூப் கிழவன்:
மேலே சொன்னவர் சொன்னதை இப்போதைக்கு விடுங்கள். பிளாக் ஸ்டோரேஜுக்கு எழுதிய கால்க் ஸ்கிரிப்ட் ஏஎஸ்ஓவில் அப்படியே ஓடாது. செலவுப் பங்கீடு எல்லாம் எழுதி வைத்திருந்தால் மொத்தத்தையும் திரும்ப எழுதவேண்டும். ரேமும் வேண்டாம். ஆரக்கிள் 2007இல் ஹைப்பீரியனை வாங்குவதற்கு முன்பிருந்தே இந்தச் சனியனோடு மல்லுக்கட்டுகிறேன்; ரேம் போட்டு பிளாக் குறைந்ததை ஒருநாளும் பார்த்ததில்லை.

சம்பந்தம் உண்டா என்று கேட்டீர்களே, சரக்கிருப்பு, துப்பே அதுதான். அந்தத் தலைப்புக்கு டைம் பேலன்ஸ் லாஸ்ட், ஸ்கிப் மிஸ்ஸிங் என்று வைத்திருப்பார்கள். அதாவது ஆகஸ்ட், செப்டம்பர் காலியாக இருந்தால் அவற்றைத் தாண்டி ஜூலையை எடு என்று அர்த்தம். இப்போது 0 வருகிறதென்றால் அந்த மாதங்கள் காலியாக இல்லை, உள்ளே சைபர் உட்கார்ந்திருக்கிறது. நமக்கு சைபரும் காலியும் ஒன்று. எஸ்பேஸுக்கு சைபர் என்பது ஒரு எண். ஒரு பொருள், ஒரு கிளை சேர்க்கைக்கு ஒரே ஒரு சைபர் வந்தாலும் முழு பிளாக்கையும் உருவாக்கிவிடும். அப்புறம் அதற்கு மேலே மண்டலம், நாடு என்று ஒவ்வொரு மட்டத்துக்கும் பிளாக். சைபருக்குப் பதில் #மிஸ்ஸிங் (எண்ணே இல்லை என்ற குறி) வந்திருந்தால் ஒன்றும் உருவாகியிருக்காது.

ஜூனில் லோடில் (எஸ்பேஸுக்குள் ஏற்றும் தரவில்) என்ன மாற்றினீர்கள்?

பேரேடு:
ஐயா, மாற்றச் சொன்னதே நான்தான். ஸ்மார்ட் வியூவில் எங்கு பார்த்தாலும் #மிஸ்ஸிங் என்று வருவது அசிங்கமாக இருக்கிறது என்று எங்கள் நிதி மேலாளர் சொன்னார். தரவை அனுப்பும் ஈஆர்பி (அலுவலக மூல மென்பொருள்) ஆட்களிடம் போய், "காலியே இல்லாமல் அனுப்புங்கள்" என்று மெயில் போட்டேன். இப்போது அந்த க்வெரியை வாங்கிப் பார்த்தேன். எல்லா பொருள், எல்லா கிளை, எல்லா தலைப்பையும் பெருக்கி, 12 மாதத்துக்கும் இல்லாத இடமெல்லாம் சைபர் நிரப்பியிருக்கிறார்கள். சேலம் கிளையில் விற்காத பொருளுக்கும் மார்ச் மாதம் வரை சைபர்.

க்யூப் கிழவன்:
மெயிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அடுத்து வருபவருக்கு உதவும்.

க்வெரியில் சைபர் வரியை வடிகட்டச் சொல்லுங்கள், மாதம் காலியென்றால் காலியாகவே வரட்டும். லெவல் சைபர் (அடிமட்டத் தரவு மட்டும்) எக்ஸ்போர்ட் எடுத்துத் திரும்ப ஏற்றினால் சுத்தமாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். ஆகாது, சைபரும் கூடவே வரும். நடப்பு ஆண்டின் ஆக்சுவலுக்கு மட்டும் ஃபிக்ஸ் (எல்லை குறிக்கும் கட்டளை) போட்டு கிளியர்பிளாக் ஆல் (பிளாக்குகளை அழிக்கும் கட்டளை) கொடுங்கள். ஆண்டும் சினாரியோவும் ஸ்பார்ஸ் என்பதால் பிளாக்கே போய்விடும். பிறகு ரீஸ்ட்ரக்சர், புது லோடு, அக்ரிகேட். பட்ஜெட்டைத் தொடாதீர்கள். "யோசித்துப் பார்த்தோம், இந்தச் செலவு வேண்டாம்" என்று ஆட்கள் கையால் போட்ட சைபர் அதில் இருக்கும், அதற்கு அர்த்தம் உண்டு.

மேலாளருக்கு: ஸ்மார்ட் வியூ ஆப்ஷன்ஸில் மிஸ்ஸிங் லேபிள் என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு கோடு போட்டால் முடிந்தது.

பார்வதி_பிளானிங்:
ஒரு நிமிடம், கிளியர் செய்வதற்கு முன்னால். ஈஆர்பியில் இல்லாமல், யாராவது ஸ்மார்ட் வியூ வழியாக நேரே மண்டல மட்டத்தில் ஏதாவது ஏற்றுகிறார்களா? கிளியர்பிளாக் அதையும் எடுத்துவிடும், லோடு கொண்டுவராது. லெவல் சைபர் எக்ஸ்போர்ட்டிலும் அது இருக்காது, முழு எக்ஸ்போர்ட் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. ஸ்கிரிப்டில் செட் அக்மிஸ்ஜி ஆன் (கீழே காலியானாலும் மேலே கூட்டி எழுதச் சொல்லும் கட்டளை) இல்லையென்றால், கீழே கிளைகள் எல்லாம் காலியாக இருக்கும்வரை மண்டலத்தில் போட்ட தொகை தப்பிக்கும். கிளைகளில் சைபர் வந்த அன்றே கூட்டல் அதன்மேல் ஏறி 0 ஆக்கியிருக்கும். அப்படி ஏதாவது இருந்தால் மே மாத பேக்கப்பில் தேடுங்கள்.

பேரேடு:
ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்தேன். பிளாக் 4.3 லட்சம், நேற்று ராத்திரி 38 நிமிடம். சரக்கிருப்பு ஜூலையைக் காட்டுகிறது. கிழவன் ஐயாவுக்குப் பெரிய கும்பிடு.

பார்வதி மேடம், நீங்கள் சொன்னது நடந்தேவிட்டது. தலைமை அலுவலகம் குழு இன்ஷூரன்ஸ் செலவை மாதம் 18 லட்சம் என்று தென் மண்டலத்தின் தலையில் நேராகப் போட்டுக்கொண்டிருந்தது. ஏப்ரலிலிருந்து மொத்தமும் 0. போட்டவர் திரும்பப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஏப்ரல், மே இரண்டும் பேக்கப்பில் கிடைத்தன, மற்றவற்றை அவரே திரும்ப ஏற்றிவிட்டார். இந்த முறை "மண்டலப் பொது" என்று ஒரு கிளையைச் சேர்த்து அதில் போடச் சொன்னேன்.

போன மாத மீட்டிங்கில் லாபம் கூடியதற்குத் தென் மண்டல மேலாளருக்குக் கைதட்டினார்கள். அவரிடம் எப்படிச் சொல்வது என்று யாராவது ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.