மீன் முள்ளை எடுத்துக் கொடுப்பது பிள்ளையைக் கெடுப்பதா?

தொண்ணூறடிச் சாலை: கல்லூரி வயதுப் பிள்ளைக்கு மீன் முள்ளை எடுத்துத் தரும் தாய் அவனைக் கெடுக்கிறாள் என்று செம்பூர் அன்பர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. மும்பை தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் ஒற்றை அறையில் ஐந்து பேராக இருந்தோம். சாளை வாங்கிய நாட்களில், முள் நீக்கிய சதை எங்கள் தட்டுகளில் விழுந்த பிறகுதான், தலைகளையும் வால்களையும் அம்மா தம் சோற்றில் வைத்துக்கொள்வார். எனக்கு இருபத்திரண்டு வயதாகும் வரை இது நிற்கவில்லை. நான் எதில் கெட்டுப்போனேன்?

செம்பூர்க்காரன்: கண்டதைத்தான் எழுதினேன். என் அண்ணன் மகன் பத்தொன்பது வயதில் புனே விடுதிக்குப் போனான். மீன் போட்ட நாளெல்லாம் வெறும் ரசச் சோறு தின்றான். என் தந்தை எனக்கு ஏழு வயதிலேயே நடுமுள்ளை நெம்பி எடுக்கக் கற்றுக்கொடுத்தார். அதுதான் அன்பு. மேலும், அந்த மீனின் பெயர் மத்தி.

தொண்ணூறடிச் சாலை: நடுமுள்ளை நெம்புவது வஞ்சிரத்துக்குச் சரி; சாளையில் மயிரிழை போன்ற முட்கள் இருக்கும், அவற்றை விரல் நுனியால்தான் உணர முடியும். அம்மா மங்கலான விளக்கடியில் தடவித் தடவி எடுத்தது உங்களுக்குக் கெடுப்பதாகத் தெரிகிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நாங்கள் சாளை என்போம். சென்ற பொங்கலின்போதும் எங்கள் பேச்சைத் திருத்த வந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

மாட்டுங்கா வாசகர்: எங்கள் வீட்டில் மீன் இல்லை, அப்பா ஆரஞ்சுச் சுளையின் வெள்ளை நாரைக் கூட உரித்துத்தான் தருவார். குழந்தையின் சிறுகை அளாவிய கூழ் அமிழ்தினும் இனிது என்று மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவரே சொல்கிறாரே.

செம்பூர்க்காரன்: அக்குறளில் கூழை அளைவது குழந்தை. தாய் முள் எடுத்ததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குச் சிறுகையும் இல்லை.

தொண்ணூறடிச் சாலை: அப்படியானால் என் சிறுகையைப் பற்றிச் சொல்கிறேன். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியபோது, அந்தேரியில் வேலை செய்த அப்பா இடுப்பளவு நீரில் நடந்து, இரவு இரண்டு மணிக்கு மேல்தான் வீடு சேர்ந்தார். மீன்பிடித் தடைக் காலமாதலால் வீட்டில் கருவாட்டுக் குழம்புதான் இருந்தது. அவருடைய விரல்கள் விறைத்து மடங்கவில்லை. பன்னிரண்டு வயதான நான் கருவாட்டின் முள்ளை எடுத்து அவருக்கு ஊட்டினேன். எனக்கு யாரும் உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை. தினமும் அம்மாவின் விரல்களைப் பார்த்தே கற்றேன்.

செம்பூர்க்காரன்: அந்த இரவுக்காக உங்கள் தந்தையை வணங்குகிறேன். ஆனால் பன்னிரண்டு வயதில் முள் எடுக்கத் தெரிந்த உங்களுக்கு, அதன் பிறகும் பத்து ஆண்டுகள் உங்கள் தாய் எதற்காக எடுத்துத் தந்தார்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

தொண்ணூறடிச் சாலை: எனக்குத் தெரியாது என்பதற்காக அவர் எடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் "நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். அவர் பதில் பேசாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். மறுநாள் சாளை வாங்கவில்லை. ஒரு வாரம் கழித்து நானே வாங்கி வந்து தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். இப்போது அவருக்குக் கண்புரை. முள்ளை நான் எடுக்கிறேன். இதையும் கெடுப்பது என்பீர்களா?

செம்பூர்க்காரன்: முதியவருக்குச் செய்வது கடமை; அதையும் இதையும் கலக்காதீர்கள். பத்து ஆண்டுகளுக்கான பதில் இன்னும் வரவில்லை.

மாட்டுங்கா வாசகர்: பதிலை அவர் சொல்லிவிட்டார் ஐயா, நீங்கள்தான் படிக்கவில்லை.

செம்பூர்க்காரன்: மீனே தின்னாதவர் முள்ளைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம். மத்தி மீனில் நடுமுள்ளை நெம்பினால் பக்கமுட்களும் கூடவே வரும்.

தொண்ணூறடிச் சாலை: வராது. சாளையில் வராது.