குடோன் ஐபி போன்ல சுருக்குன்னு ஷாக் அடிக்குது, இடி மின்னல் நேரத்துல எடுக்கலாமா?

நூல்குடோன்_ஈரோடு:
வணக்கம்ங்க, ஆபீஸ்ல பழைய இன்டர்காமை எடுத்துட்டு நெட்ல ஓடுற டெஸ்க் போன் போட்டிருக்கோம். எதிர்ல இருக்கற குடோனுக்கும் ஒண்ணு, அதுக்கு லேன் கேபிள் மொட்டைமாடி வழியா வெளியவே போகுது, 70 மீட்டர் வரும். ஐப்பசி மழை ஆரம்பிச்சதுல இருந்து, போனை நகர்த்தறப்ப பின்னாடி கேபிள் சொருகற இடத்துல கை பட்டா சுருக்குங்குதுன்னு அங்க வேலை பாக்கற அக்கா சொல்றாங்க. அடாப்டரும் நல்லா சுடுது. கூட வந்த புக்குல இடி மின்னல் நேரத்துல தொடாதீங்கன்னு போட்டிருக்கு, மாட்டிக் குடுத்தவரு அதெல்லாம் சும்மா போடறதுங்கறாரு. என்ன பண்றதுங்க?

ரேக்ரூம்:
மொதல்ல அந்த அக்காவை போன் கிட்டயே போக வேண்டாம்னு சொல்லிடுங்க. கேபிள் முனையில இருக்கற பிளக் இரும்புக் கவசம் போட்டதா, முழு பிளாஸ்டிக்கா? குடோனுக்கு தனி ஈபி சர்வீஸா? அடாப்டர்லயும் போன் அடியிலயும் என்ன எழுதியிருக்கு?

நூல்குடோன்_ஈரோடு:
இரும்புக் கவசம் போட்டதுதாங்க. சர்வீஸ் தனி, எர்த் குழியும் தனி. போன்ல 5 வோல்ட் 2 ஆம்ப், அடாப்டர்ல 5 வோல்ட் 0.6 ஆம்ப்னு இருக்கு, அது ஏதோ சின்ன நெட்வொர்க் ஸ்விட்சோடது போல.

ரேக்ரூம்:
அடாப்டர் சுடறதுக்கு காரணம் அதுதாங்க, போன் கேக்கற கரண்ட்டை அதால குடுக்க முடியாது, பின் பொருந்துதுன்னு மாட்டிட்டாங்க. இன்னைக்கே கழட்டிருங்க.

ஷாக் அடிக்கறது வேற விஷயம், அதுதான் பெருசு. ரெண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனி, ரெண்டும் ஒரே வோல்டேஜ்ல இருக்கறதில்ல, நீங்க அந்த கேபிள் கவசத்தால ரெண்டையும் இணைச்சு வச்சிருக்கீங்க, ஒரு பக்கம் எர்த் கெட்டா அந்தக் கரண்ட்டு கேபிள் வழியா போன் வரைக்கும் வந்துரும். எலக்ட்ரீஷியனை வச்சு ரெண்டு பக்கமும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வச்சுப் பாருங்க, ஒண்ணு ரெண்டு வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்தை சரி பண்ணாம வேற எதையும் தொடாதீங்க. இடி நேரத்து விஷயமும் இதேதான், பக்கத்துல எங்கயாவது மின்னல் விழுந்தாக்கூட வெளிய போற செம்புக் கம்பியில ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும், புக்குல போட்டது சும்மா இல்லீங்க.

கட்டடம் விட்டு கட்டடம்னா ஃபைபர்தான். ரெண்டு முனையிலயும் ஒரு மீடியா கன்வர்ட்டர் (லேன் கேபிள் சிக்னலை ஒளியாவும், ஒளியை திரும்ப சிக்னலாவும் மாத்தற சின்னப் பெட்டி), நடுவுல கண்ணாடி இழை, கரண்ட்டே கடக்காது. ஆனா வாங்கறப்ப உலோகம் இல்லாத கேபிள்னு கேட்டு வாங்குங்க, சில ஃபைபர்ல தாங்கறதுக்கு எஃகுக் கம்பி வச்சிருப்பாங்க, அதை உள்ள கொண்டு வந்தா பழைய கதைதான். இப்ப இருக்கற கேபிளை வானம் தெளிவா இருக்கறப்ப எலக்ட்ரீஷியனே கழட்டட்டும், இடி இடிக்கறப்ப ஓடிப்போய் புடுங்கறது அதைவிட ஆபத்து.

தறிப்பட்டறை:
அண்ணா இன்னொண்ணு, கரண்ட் போனா இந்த போன் செத்துரும், குடோன்ல யாருக்காவது அடிபட்டா அப்ப என்ன பண்ணுவீங்க? போன், ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் மோடம் நாலும் யூபிஎஸ்ல இருக்கணும், ஒண்ணு விட்டாலும் டயல் டோன் வராது. 108, 112 ரெண்டும் சைபர் போடாம நேரா போகுதான்னு லைன் குடுத்தவங்க கிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க. உங்க லைன் வெளிமாநில ஹெட் ஆபீஸ் பேர்ல இருந்தா கால் அந்த ஊரு கண்ட்ரோல் ரூமுக்குப் போய் நிக்கலாம், ஆம்புலன்ஸ் எங்க வரும்? சார்ஜ் போட்ட ஒரு சாதா செல்போன் குடோன்லயே எப்பவும் இருக்கட்டும்.

ரேக்ரூம்:
இது ரொம்ப முக்கியம்ங்க, பல ஆபீஸ்ல யாருமே யோசிக்கறதில்ல. இன்னொரு சின்ன விஷயம், ரிசீவர் காதுப் பக்கம் காந்தம் இருக்கும், பேக்கிங் மேசையில கெடக்கற ஸ்டேப்ளர் பின், குண்டூசி ஒட்டிக்கும், எடுக்கறப்ப ஒரு பார்வை பாத்துட்டு காதுல வைக்கச் சொல்லுங்க.

நூல்குடோன்_ஈரோடு:
ரொம்ப நன்றிங்க. அடாப்டரை கழட்டியாச்சு, குடோன்ல செல்போன் வச்சாச்சு, நாளைக்கு காலைல எலக்ட்ரீஷியன் வர்றாரு. ஆபீஸ் பக்கத்துல பிஓஇ ஸ்விட்ச் (லேன் கேபிள் வழியாவே போனுக்கு கரண்ட்டும் குடுக்கறது) இருக்கு, ஃபைபர் போட்டா அதுலருந்தே குடோன் போனுக்கு கரண்ட் குடுக்க முடியுமா?

ரேக்ரூம்:
முடியாதுங்க, ஃபைபர்ல கரண்ட் போகாது. குடோன்லயே ஒரு சின்ன பிஓஇ ஸ்விட்ச்சோ, இல்ல லேன் கேபிள்ல கரண்ட்டை ஏத்தி விடற இன்ஜெக்டரோ வைங்க, 802.3ஏஎஃப்ங்கற தரம் போட்டதா பாத்து வாங்குங்க, அது போன் கேக்குதான்னு விசாரிச்சுட்டுதான் 48 வோல்ட்டை விடும். விசாரிக்காம 24 வோல்ட் தள்ற விலை கம்மி இன்ஜெக்டர் கடையில கெடைக்கும், அது வேண்டாம். கன்வர்ட்டரையும் அதையும் ஒரே யூபிஎஸ்ல போட்டுருங்க.