தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய பென்ஸ் வைத்திருப்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தொப்பூர் டீசல்:
என்னுடையது டபிள்யூ124, இ250 டீசல். பென்ஸ் கம்பெனி 1995-ல் புனேயில் தயாரிக்க ஆரம்பித்த மாடல். வாங்கிய விலை புது ஸ்விஃப்டில் பாதிகூட இல்லை, ஆனாலும் ஊரில் எனக்குப் பெரிய வசதிக்காரன் என்று பேர்.

போன ஐப்பசியில் தர்மபுரி நாலு ரோட்டில் வண்டியை நிறுத்திச் சாவியை உருவினேன். இஞ்சின் அது பாட்டுக்கு ஓடுகிறது. டீக்கடைக் கூட்டம் முழுக்க வந்துவிட்டது. "சாவி இல்லாமலே ஓடுது பாரு, ஃபாரின் வண்டின்னா சும்மாவா" என்றார் ஒரு பெரியவர். பானட்டைத் திறந்து, டீசல் பம்ப்பில் இருக்கும் ஸ்டாப் லீவரை அமுக்கித்தான் அணைத்தேன்.

இந்த இஞ்சினை நிறுத்துவது வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு. சாவியைத் திருப்பினால் அந்த இழுப்பு குழாய் வழியாக டீசல் பம்ப்புக்குப் போய் டீசலை அடைக்கும். எங்காவது லீக் இருந்தால் அடைக்காது. பெங்களூரில் ஒரு ஒர்க்ஷாப்புக்கு போன் போட்டேன். வண்டியைப் பார்க்காமலே "பம்ப்பை மாத்தணும்" என்று சொல்லி, கேட்டதும் தலை சுற்றுகிற மாதிரி ஒரு தொகை சொன்னார்கள்.

அப்புறம் டிராக்டர் பம்ப் பார்க்கும் மேஸ்திரியிடம் போனேன். பென்ஸைத் தொட்டதே இல்லையாம். பம்ப் பக்கத்துக் குழாயைக் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடித்தார். நாக்கு அப்படியே ஒட்டி நின்றது. "பம்ப் நல்லாருக்கு சார், வழியில்தான் காத்து போகுது." ஒவ்வொரு இணைப்பாக விரலால் நசுக்கிக்கொண்டே வந்தார். வளைவில் இருந்த ரப்பர் பழைய அப்பளம் மாதிரி நொறுங்கியது. துண்டு ஹோஸ் போட்டார், சரியாகிவிட்டது. டீசல் என்றால் நம்ம ஊர் கைகளை நம்பலாம் என்பது என் கட்சி.

பர்கூர்காரன்:
டீசலுக்குச் சரி அண்ணே. என்னுடையது இ220 பெட்ரோல், அதில் அந்தப் பருப்பு வேகாது. அந்தக் காலத்து இஞ்சின் வயரிங்கில் மேல்தோல் தானாகவே உதிர்ந்துவிடும், எங்கே ஷார்ட் ஆகும் என்றே தெரியாது. புது ஹார்னஸ், அதாவது மொத்த வயர் கட்டையே புதிதாகப் போட வேண்டியிருந்தது, உள்ளூர் எலக்ட்ரீஷியன் டேப் சுற்றியதெல்லாம் ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை.

இன்னொன்று தண்ணீர். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார். நம்ம பக்கத்துத் தண்ணீர் எப்படி என்று சொல்ல வேண்டுமா, குடத்தடியில் படியும் அதே வெள்ளை உப்புதான் ரேடியேட்டருக்குள்ளும். சேலத்தில் இருந்து தொப்பூர் ஏறும்போது டெம்பரேச்சர் முள் 100-ஐத் தாண்டும். சிட்ரிக் ஆசிட் கரைத்து ஃப்ளஷ் செய்து, கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி ஊற்றினேன். இப்போது அதே ஏற்றத்தில் ஏசி போட்டுக்கொண்டு வருகிறேன்.

மத்திகிரி:
ஆர்.சி. புதுப்பிக்கும் செலவையும் கணக்கில் வையுங்கள் ஜி. 15 வருஷம் தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 20 தாண்டியவைக்கு 2025-ல் 10,000 ஆகிவிட்டது.

நான் எஃப்.சி. காட்டப் போனபோது பிரேக், லைட் எல்லாம் பார்த்துவிட்டு, "இன்னொரு வைப்பர் எங்கே?" என்று மடக்கினார் அதிகாரி. இதற்கு ஒன்றுதான் சார் என்றேன். நம்பவில்லை. போட்டுக் காட்டினேன். நடுவில் இருந்து கிளம்பி மூலைக்கு மூலை நீண்டு துடைத்ததைப் பார்த்து மறுபடியும் போடச் சொன்னார், அப்புறம் பக்கத்து ரூம் ஆட்களையும் கூப்பிட்டார். நல்லவேளை, முந்தின வாரம்தான் அதன் கியருக்கு கிரீஸ் வைத்திருந்தேன். வைக்காதவர்கள் வைத்துவிடுங்கள், காய்ந்துபோனால் மோட்டாரையும் சேர்த்துக் காலி செய்துவிடும்.