விரல் தட்டும் வேகம்தான் இனி சாவியா?

சாட்ஸ்வர்த் கடைக்காரர்:
எங்கள் ஆயாவின் பேங்க் ஆப் போன வாரம் பூட்டிக்கொண்டது. போன் அவருடையது, பின் நம்பரும் சரி. தேங்காய் கீறும்போது வலது கட்டைவிரலில் கத்தி பட்டுக் கட்டுப் போட்டிருந்தார். இடது ஆட்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினார். விரல் தட்டும் விதத்தைப் பழகி வைத்திருக்கும் அந்த ஆப், ‘வழக்கமான பயன்பாடு இல்லை’ என்று சொல்லிவிட்டது. கிளையில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். இதுவா பாதுகாப்பு?

டர்பன் நெட்வொர்க்:
ஆயாவுக்கு நடந்தது தப்புதான் அண்ணே. ஆனால் சிம் ஸ்வாப்பில் பணத்தை விட்டவர்களைக் கேளுங்கள். நம்பரை வேறு சிம்முக்கு மாற்றிவிட்டால் ஓடிபி நேராகத் திருடனுக்குத்தான் போகும். பின் நம்பரைத் தோளுக்குப் பின்னால் நின்றே பார்த்துவிடலாம். விசையை எவ்வளவு நேரம் அழுத்துகிறோம், அடுத்ததற்கு எப்போது தாவுகிறோம், போனை எந்தச் சாய்வில் பிடிக்கிறோம், இதையெல்லாம் அப்படியே நடிப்பது லேசில்லை. இரண்டாம் உலகப் போரில் மோர்ஸ் தந்தி தட்டும் கையின் பழக்கத்தை வைத்தே எதிரி ஆபரேட்டர் யாரென்று ஒட்டுக்கேட்டவர்கள் கண்டுபிடித்தார்கள். தட்டும் தாளத்தை வைத்து ஆளை அடையாளம் காண முடியுமா என்று 1980லேயே ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் தட்டச்சர்களை வைத்துச் சோதித்திருக்கிறது.

டோங்காட் அக்கா:
அந்தச் சோதனையில் இருந்தது ஒரு சிலர் தம்பி, அதுவும் தட்டச்சே தொழிலானவர்கள். எங்கள் வீட்டில் ஒரே போன். பகலில் நான், சாயங்காலம் ப்ரீபெய்டு கரண்ட் டோக்கன் வாங்க மகள், ராத்திரி டேட்டா போட பையன். எந்தக் கையை அது பழகும்? நம் தென்னாப்பிரிக்காவின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவை எடுத்துப் பாருங்கள். 2013ஆம் வருஷச் சட்டம். பயோமெட்ரிக் என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே நடத்தையும் வருகிறது. கைரேகைக்கு உள்ள காவல் இதற்கும் வேண்டும். பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்வேன். என் விரலின் நடை கசிந்தால் எதை மாற்றுவது?

டர்பன் நெட்வொர்க்:
பின் நம்பரை மூன்று பேருக்குச் சொல்வதே ஆபத்து அக்கா, அதை முதலில் நிறுத்துங்கள். நடையை மாற்ற முடியாது என்பது சரி. அதனால்தான் இதை மட்டும் நம்பிப் பூட்டக் கூடாது என்கிறேன். அளவை இறுக்கினால் ஆயா வெளியே நிற்பார், தளர்த்தினால் திருடன் உள்ளே வருவான். சந்தேகம் வந்தால் ஆப் இன்னொன்றைக் கேட்கணும், கைரேகை மாதிரி. கதவை ஒரேயடியாக அடைத்தது அந்த பேங்கின் கோளாறு.

சாட்ஸ்வர்த் கடைக்காரர்:
கைரேகையா? ஆயா பதிந்து வைத்திருந்தது அந்தக் கட்டைவிரலைத்தான் தம்பி!

டர்பன் நெட்வொர்க்:
சரி அண்ணே, மாட்டிக்கொண்டேன். கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாக இடது கை விரல் ஒன்றையும் பதிந்து வையுங்கள்.