ஏழின் மடங்குகளைப் பழக என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. என் மகள் நான்காம் வகுப்பு. ஏழாம் வாய்ப்பாட்டை வரிசையாகக் கடகடவென்று சொல்லிவிடுவாள். ஆனால் இடையில் நிறுத்தி "எட்டேழு எவ்வளவு?" என்றால், மறுபடி ஓரேழு ஏழிலிருந்து ஆரம்பிக்கிறாள். 91 ஏழின் மடங்கா என்று கேட்டால் முழிக்கிறாள். வாய்ப்பாடு 70-இல் முடிந்தால் மடங்குகளும் அங்கேயே முடிந்துவிடுவதாக நினைக்கிறாள். அதுதான் எனக்குக் கவலை.

ஒன்று மட்டும் நன்றாகப் பலித்தது. 7, 14, 21, 28 என்று போகும்போது கடைசி இலக்கங்கள் 7, 4, 1, 8, 5, 2, 9, 6, 3 என்று வரும். போனில் நம்பர் அழுத்தும் இடத்தில் இடது வரிசையைக் கீழிருந்து மேலே, பிறகு நடு வரிசை, அப்புறம் வலது வரிசை என்று தொட்டால் அதே எண்கள்! அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். 70-ஐத் தாண்டியும் அதே வரிசைதான் திரும்ப வருகிறது என்பதை எப்படிப் புரியவைப்பது?

காரணி, மடங்கு இரண்டையும் வேறு குழப்பிக்கொள்கிறாள். புளியங்கொட்டை, சீட்டு என்று வீட்டில் விளையாடக்கூடிய பயிற்சி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். ஆசிரியர்கள் யாராவது இருந்தால், தினமும் எவ்வளவு நேரம் போதும் என்றும் சொல்லுங்கள். அவளைத் திட்டி அழவைத்துக் கற்றுக்கொடுக்க எனக்கு மனமில்லை.